மாவுக்கட்டுக் கொக்கு

மாவுக்கட்டு அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் ரொம்ப நல்லது. தெரிந்திருந்தால், நீங்கள் எங்கேயோ ஏறி எங்கேயோ விழுந்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வாண்டுவுக்கு மட்டும் எலும்பு உடையாமலே அந்த அறை அத்துப்படி. கை கால் முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவதும், எலும்பு கூடியபின் அதை வெட்டி எடுப்பதும் அவளுடைய அப்பாவின் வேலை. விடுமுறை நாட்களில் அவளும் அவரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

வெட்டி எடுத்த கட்டுகளைக் குப்பையில் போட வாண்டு விடமாட்டாள்.

"அப்பா, இந்த முழங்கையைப் பாருங்க. அப்படியே கொக்குக் கழுத்து!"

"அய்யய்யோ, நாத்தம் குடலைப் புரட்டுது! மருந்துத் தண்ணியில தொடச்சு வெயில்ல காய வெச்சுத் தர்றேன். அப்புறம் கொஞ்சிக்கோ."

அப்படிச் சேர்த்த கட்டுகளால் ஆன ஒரு பெரிய கொக்கு, ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் நின்றது. லாரி ஓட்டுநர் ஒருவரின் முழங்கைக் கட்டு அதற்குக் கழுத்து. பந்தாட்டக்காரர் ஒருவரின் தொடைக்கட்டு உடம்பு. பழைய துடைப்பக் கட்டைகள் கால்கள், வளைந்துபோன இரண்டு கரண்டிகள் அலகு, சட்டைப் பொத்தான் கண்.

கொக்கு தலையைக் குனிந்து, அலகைத் திறந்து, யாருக்கோ இரை ஊட்டுவதுபோல் நின்றது. கீழே யாரும் இல்லை. அதுதான் வாண்டுவின் பெரிய கவலை. ஒரு குஞ்சு வேண்டும். அதன் கழுத்துக்கு ஒரு குட்டி முழங்கைக் கட்டு வேண்டும். வருகிறவர்களோ எல்லாம் தடித்தடிக் கைக்காரர்கள்.

"யாராவது ஒரு சின்னப் பையன் விழக் கூடாதா!" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! வாயைக் கழுவு முதல்ல," என்றார் அப்பா.

ஒரு சனிக்கிழமை, பொடியன் ஒருவன் தன் அம்மாவோடு கட்டைப் பிரிக்க வந்தான். மடங்கிய முழங்கையில் குட்டியாக ஒரு கட்டு. வாண்டு கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் ஒரு குஞ்சுக் கழுத்து!

அப்பா வெட்டும் மெஷினை ஓட விட்டார். கிர்ர்ர்ர்...

"வேண்டாம்!" பொடியன் அலறிய அலறலில் பக்கத்து அறை நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"பயப்படாத ராஜா, இது தோலை வெட்டாது. இங்க பாரு." அப்பா ஓடுகிற பிளேடைத் தன் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினார். "கிச்சுகிச்சு மூட்டுற மாதிரிதான் இருக்கும்."

"எனக்குப் பயமே இல்ல."

"அப்போ கையைக் குடு."

"மாட்டேன்!"

"வீட்டுல நல்லாத்தான் சார் இருந்தான். இங்க வந்து மானத்தை வாங்குறான்," என்றார் அவன் அம்மா. ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். அவன் அப்பாவிடம் சொல்லிவிடுவதாக மிரட்டிப் பார்த்தார். பொடியன் எதற்கும் மசியவில்லை.

வாண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தவர்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். இவன் மூடவில்லை. நல்ல கையால் கட்டின் ஓரிடத்தை அழுத்திப் பொத்தி வைத்திருந்தான்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அங்க என்னடா ஒளிச்சு வெச்சிருக்க?"

பொடியன் விரல்களைக் கொஞ்சமாக விலக்கினான். நீலப் பேனாவில் ஒரு கப்பல். அதன் ஜன்னலில் பல்லை இளிக்கும் ஒரு முகம்.

"எங்க அக்கா வரைஞ்சா. ஹாஸ்டலுக்குப் போறதுக்கு முன்னாடி. இந்த மூஞ்சி நான்தான்." அவன் மெஷினைப் பார்த்தான். "மெஷின் மேல போனா கப்பல் ரெண்டாயிடும்ல?"

வாண்டு அந்தக் கட்டைப் பார்த்தாள். பேசாமல் இருந்தாலே போதும். எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். வெட்டியது குப்பைக்குத்தான் போகும். அதாவது, அவளிடம்தான் வரும். எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தாள்!

பொடியனின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. வாண்டுவால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, நிறுத்துங்க!" பென்சிலை எடுத்தாள். கப்பலைத் தொடாமல், அதைச் சுற்றி வளைத்துக் கட்டின் இரண்டு பக்கமும் நீளமாகக் கோடு இழுத்தாள். "இது மேலயே வெட்டுனா கப்பல் முழுசா வரும்ல?"

அப்பா குனிந்து பார்த்தார். "கொஞ்சம் சுத்து வழிதான். போயிடலாம்."

"கட்டை நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்று கேட்டான் பொடியன்.

வாண்டு ஒருமுறை மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எடுத்துக்கோ. ரெண்டு பாதியையும் சேர்த்து ஒட்டிடு. அப்புறம் அக்கா வந்ததும் காட்டு."

பொடியன் கையைக் கொடுத்தான். கட்டு இரண்டாகப் பிளந்து வந்தது. கப்பலுக்குக் கீறல்கூட விழவில்லை. கையிலிருந்து கிளம்பிய வாடையில் அவன் அம்மா முந்திக்கொண்டு மூக்கைப் பொத்தினார். பொடியன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது.

"அம்மா! என் கை நிமிர மாட்டேங்குது!"

"இவ்வளவு நாள் மடங்கியே கிடந்த கை. சோம்பேறி ஆயிடுச்சு," என்றார் அப்பா. "தினமும் மெல்ல மெல்ல நீட்டிப் பழகணும். பலவந்தம் மட்டும் பண்ணக் கூடாது."

"வலிக்குது. நான் நீட்டவே மாட்டேன்."

"ஆரம்பிச்சுட்டான்," என்று தலையில் கை வைத்துக்கொண்டார் அம்மா.

வாண்டு அந்தக் கையைப் பார்த்தாள். மெலிந்து, வெளுத்து, முழங்கையில் வளைந்து நின்றது. அவள் முகம் மலர்ந்தது.

"டேய், என்கூட வா!"

மாடிப்படிக்கு அடியில் கொக்கைக் கண்டதும் பொடியன் வாயைப் பிளந்தான். வாண்டு அதன் கரண்டி அலகில் ஒரு மிட்டாயைச் செருகினாள்.

"இது கொக்கு. இதுக்குக் குஞ்சு இல்ல. நீ கீழ உக்காந்து விரலைக் குவி. அதான் குஞ்சோட அலகு."

பொடியன் உட்கார்ந்தான். விரல்களைக் குவித்து மெதுவாக உயர்த்தினான். "கீச்! கீச்!" என்றான். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"எட்டலக்கா."

"பொறந்த அன்னைக்கே எட்டுமா? குஞ்சு வளரணும்ல. அடுத்த வாரம் வா."

வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். வீட்டில் கை நீட்டச் சொன்னால் ஓடுகிறவன், கொக்குக்காகத் தினமும் பழகுவதாக அவன் அம்மா சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமையும் குஞ்சின் கழுத்து கொஞ்சம் நீண்டது.

ஒரு சனிக்கிழமை, 'டிக்'கென்று கரண்டியில் நகம் பட்டது. கை நேராக நிமிர்ந்திருந்தது. மிட்டாய் விரலுக்குள் வந்துவிட்டது.

வாண்டு துள்ளிக் குதித்தாள். குஞ்சு மிட்டாயைக் கடித்து, கொஞ்சம் பெரிய பாதியை அவளிடம் நீட்டியது.