சந்தனம் வைத்த மீட்டர்

கன்னியம்மா நாற்காலியில் உட்காரவில்லை. காக்கிச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டோ ஓட்டுநர் பேட்ஜ் குத்தியிருக்க வேண்டிய இடம் அது. பேட்ஜ் இப்போது போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் இருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள பைய கொண்டாரணுமாம் சார். இல்லாங்காட்டி கேஸாம். கேஸாச்சுன்னா பர்மிட்டு பூடும், வண்டி பூடும். எடுக்காத பைய எங்கேந்து கொண்டார்றது?"

அம்பத்தூரில் ஒரு டிபன் கடையின் மாடியில் இருந்தது பரந்தாமனின் துப்பறியும் அலுவலகம். அவர் காதில் எதுவும் விழாதவர் போல டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். உதவியாளர் சுவேதாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கால் சென்டரின் இரவு வேலையை உதறிவிட்டு வந்த பிறகும் பழைய படபடப்பு அவளை விடவில்லை. எழுந்தாள், ஜன்னலடிக்குப் போனாள், திரும்ப வந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் பரந்தாமன்.

நேற்று ஞாயிறு மதியம். அம்பத்தூரில் சரண் என்பவர் அவள் ஆட்டோவை மறித்தார். பூந்தமல்லி போக வேண்டும், மீட்டர் போட்டால்தான் ஏறுவேன் என்றார். போட்டாள். வழியில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நிறுத்தச் சொல்லிவிட்டு, பையோடு ஒரு தெருவுக்குள் போனார். வெறுங்கையோடு வந்தார். பூந்தமல்லியில் மீட்டர் நூற்றைம்பது காட்டியது. பணத்தை ஃபோனில் அனுப்பிவிட்டுப் போனார். ராத்திரியே போலீஸ் வந்தது: மனைவியின் நகைப்பையை ஆட்டோவில் மறந்துவிட்டாராம். வழியில் எங்கேயும் இறங்கவே இல்லையாம்.

"சூடு வச்ச மீட்டருன்னு வேற எழ்திக் குட்துகீறாரு. ரோட்டளவுக்கு நூத்தி இருபத்தொம்போதுதான் வரணுமாம். இன்ஸ்பெக்டரு இன்னா சொல்றாருன்னா, மீட்டர்ல திருடறவ பையில திருட மாட்டாளான்னு."

சுவேதாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த ஊரில் கூடுதலாக ஓடும்படி மீட்டரில் சூடு வைப்பது புதிதா என்ன? ஒரு பொய் பிடிபட்டால் மற்றதும் பொய்தான். ஆனால் பரந்தாமன் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த ஆள் மீட்டர் கேட்டு ஏறினாரா? தெருவுல நின்னு?"

"ஆமா சார். கையில அம்மாம் பெரிய ஃபோன வச்சிகினு."

கீழே இறங்கி ஆட்டோவைப் பார்த்தார்கள். மீட்டர் பெட்டியின் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. தாராளமாக அப்பியிருந்தாள். மூடியில் தொடங்கி, விளிம்பைத் தாண்டி, ஈய முத்திரை வரை ஒரே பூச்சு.

"துடைக்கலியா?" என்றாள் சுவேதா.

"பூஜைப் பொட்டு. தானா உதுர்ற வரைக்கும் யாரும் கைய வெக்க மாட்டோம்."

பரந்தாமன் குனிந்து விளிம்பைப் பார்த்தார். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார். "மீட்டரைப் போடு. அதே வழியில போவோம். எங்கேயும் நிறுத்தாதே."

பூந்தமல்லி ஃபிளாட்டில் சரணும் அவர் மனைவி சிம்ரனும் இருந்தார்கள். பரந்தாமன் ஃபோனில் கூப்பிட்டிருந்ததால் இன்ஸ்பெக்டர் எத்திராஜும் வந்திருந்தார். கன்னியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவேதா விரலை நெரித்துக்கொண்டிருந்தாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"வழியில நெரிசலா சார்?" பரந்தாமன் சாதாரணமாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை சார். ரோடே காலி. இந்தம்மா பறந்துதான் வந்தாங்க," என்றார் சரண். "அப்படி வந்தும் இருபத்தோரு ரூபா எக்ஸ்ட்ரா. மேப்ல தூரத்தைப் போட்டு நானே கணக்குப் பார்த்தேன்."

"உங்க கணக்கு சரி. இப்ப இதே வண்டியில வந்தோம். இன்னைக்கு இருக்கிற நெரிசலோட நூத்தி முப்பத்து மூணு காட்டுச்சு."

எத்திராஜ் கன்னியம்மாவைப் பார்த்தார். "நேத்து நைட்டே மீட்டரைச் சரி பண்ணிட்டியா?"

"பண்ண முடியாது," என்றார் பரந்தாமன். ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினார். "சூடு வைக்கணும்னா மூடியைத் திறக்கணும். திறந்தா இந்தப் பூச்சு விளிம்புல பிளந்திருக்கும். பூஜை அன்னைக்கு வச்சது அப்படியே இருக்கு. நேத்தும் இன்னைக்கும் மீட்டர் ஒண்ணுதான், வழியும் ஒண்ணுதான். அப்ப அந்த இருபத்தோரு ரூபா எதுக்கு ஏறுச்சு?"

பரந்தாமன் சரணின் பக்கம் திரும்பினார்.

"இவ்ளோ பெரிய ஃபோன் வச்சிருக்கிற சார் எப்பவும் ஆப்லதான் வண்டி எடுப்பார். அதுல எங்கே நின்னாலும் பதிவாயிடும். நேத்து அது வேண்டாம், அதனால தெருவுல ஆட்டோவை மறிச்சார். ஆனா மீட்டர் தூரத்தை மட்டும் எண்ணும்னு நினைச்சுட்டார். சென்னை மீட்டர் நிக்கிற நேரத்தையும் எண்ணும். அஞ்சு நிமிஷத்துக்கு மூணரை ரூபா. இருபத்தோரு ரூபான்னா அரை மணி நேரம். காலி ரோட்டுல அரை மணி நேரம் எங்கே சார் நின்னீங்க?"

சுவேதா விரலை நெரிப்பதை நிறுத்தினாள். திருட்டுப் புகாருக்குத் துணையாக சரணே எழுதிக் கொடுத்த கட்டணப் புகார்தான் அவரைக் கவிழ்த்திருந்தது. வாயை மூடிக்கொண்டு நூற்றைம்பதை விட்டிருந்தால் தப்பித்திருப்பார்.

"அது... பெட்ரோல் போட நிறுத்தினாங்க," என்றார் சரண்.

"கேஸுல ஓட்ற வண்டி நைனா அது," என்றாள் கன்னியம்மா வாசலிலிருந்து. "பெட்ரோல எங்க ஊத்தறது, உன் தலையிலயா?"

சிம்ரன் அதுவரை கணவனைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். "போலீஸ்ல இந்தம்மா ஏரிக்கரைன்னு சொன்னப்பவே கேட்டிருக்கணும். உன் அக்கா வீடு அங்கதானே இருக்கு?"

"நகை வேணும்னு அவ வீட்டுக்காரர் வாழ விட மாட்டேங்கிறார் சிம்ரன். கேட்டா நீ குடுக்க மாட்டே."

"கேட்டியா?"

எத்திராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து பேட்ஜை எடுத்து நீட்டினார். மன்னிப்பு எதுவும் அதோடு வரவில்லை. கன்னியம்மா எதிர்பார்க்கவும் இல்லை. அங்கேயே நின்று குத்திக்கொண்டாள். முதல் தடவை ஊசி ஏறவில்லை, மறுபடி குத்தினாள்.

கீழே வந்ததும் சுவேதா, "நீங்க பொய் சொல்றீங்கன்னுதான் நினைச்சேன்," என்றாள்.

"தெரியும். வண்டியில வர்றப்பவே உன் மூஞ்சிலியே எழ்தி ஒட்டியிருந்துச்சு." கன்னியம்மா சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "மீட்டர் போடவா சார்?"

"போடு," என்றார் பரந்தாமன். "அயனம்பாக்கத்துல ஒரு டீ குடிக்கணும். நிக்கிற நேரத்துக்கும் ஓடட்டும்."