ஆறாவது அறையின் கதவு

வீட்டுக்காரர் கொண்டோ, வாடகைக்கு விட்ட அந்த வீட்டுக்கு வந்தால் வாசலோடு சரி. வெள்ளை அங்கியும் பின்னல் தொப்பியுமாக வெளியே நின்று அதட்டிவிட்டுப் போய்விடுவார். டார் எஸ் சலாமில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் ஒன்று. நடுவே ஒரு நடை, ஆறு அறை, ஆறு குடித்தனம். கூரையைத் தாங்கும் கண்டல் மரக் கழிகளைக் கரையான் தின்று முடித்திருந்தது. சொந்த வீடுதான், ஆனால் தன் தலையிலேயே விழுந்து வைக்குமோ என்று பயம். அந்த மட்டுக்கும் அறிவு இருந்தது மனுஷனுக்கு.

அந்தத் திங்கட்கிழமை காலை மட்டும், தச்சர் செலெமானியைக் கூட்டிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். ஆறாவது அறையின் கதவைக் கழற்ற.

அந்த அறையில் குடியிருந்த ரெஹேமா குறுக்கே நின்றாள்.

"வேணாம் வீட்டுக்காரப்பா. வியாழக்கிழமை வார்டுச் சபையில விசாரணை. அதுவரைக்கும் கை வைக்கக்கூடாது."

"கூரை ஒழுகுதுன்னு சபைக்குப் போன மகாராணி நீதானா? மழைன்னா மேலேருந்துதான் வரும், தெரியாதா? கதவில்லாம எத்தன நாள் கெடக்கறேன்னு பாக்கறேன். நீ காலி பண்ணிட்டா யாருக்கு விசாரணை?"

"எங்கம்மாவும் மூணு வருஷமாச் சொன்னாங்க, கழிய மாத்துங்கன்னு."

"உங்கம்மாவுக்கு வயசாச்சு. ஆண்டவன் கூப்பிட்டுக்கிட்டான்."

ஆண்டவன் என்னத்தைக் கூப்பிட்டான், கண்ணுகளா! பெருமழைக் காலத்தில் ஒரு மத்தியானம் அந்த அறையில் கழி முறிந்து, படுத்திருந்த ரெஹேமாவின் அம்மா தாபுவின் நெஞ்சில் இறங்கியது. சாவுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினார் கொண்டோ. புதுக் கழி அனுப்பவில்லை.

செலெமானி யார் முகத்தையும் பார்க்காமல் திருகாணிகளைக் கழற்றினான். "மன்னிச்சுக்க தங்கச்சி. கூலிக்காரன்."

"உன்ன என்ன சொல்றதுண்ணே. இந்த மகராசனுக்கு வேற ஆளா கெடைக்காது?"

கதவு கொண்டோவின் வீட்டுக்குப் போனது. அது புதுத் தகரம் போட்ட, சிமெண்டுச் சுவர் வீடு. கூடத்துச் சுவரில் கதவைச் சாத்தி வைத்துவிட்டுத் தேங்காய்ப்பால் சோற்றுக்கும் மீனுக்கும் உட்கார்ந்தார். மனைவி தங்கா நகரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

"ஹோடி," என்றது ஒரு குரல்.

அந்தக் கடற்கரைப் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் "கரிபு", வா என்று சொன்ன பிறகுதான் கால் வைக்கலாம். பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு யோசிக்காது.

"கரிபு, கரிபு," என்றார் கொண்டோ, முள்ளை எடுத்துக்கொண்டே.

வாசலில் யாரும் வரவில்லை.

சுவரில் சாத்தியிருந்த கதவு திறந்தது.

அதன் பின்னால் வெறும் சுவர். நிலையில்லை, மாட்டுவதற்கு இடமில்லை. ஆனாலும் கீல் முனகியது. ஈர மண்ணின் வாடை கூடத்தில் நுழைந்தது. கதவு மெல்ல மூடிக்கொண்டது. அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ பாய் விரிக்கும் சத்தம்.

"எடம் குடுத்தீங்களே வீட்டுக்காரப்பா. நல்லா இருக்கணும்."

ஆறு குடும்பத்தை நடுங்க வைத்த குரலைக் கொண்டோ தேடிப் பார்த்தார். அகப்படவில்லை.

"யா... யாரு?"

"ஆறாவது அறை."

சோற்றில் ஒரு சிட்டிகை மரத்தூள் விழுந்தது.

நிமிர்ந்தார். வெள்ளைக் கூரைப் பலகையில் உள்ளங்கை அளவு ஈரக் கறை. பார்க்கப் பார்க்கப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

"இங்க ஒழுகுது பாருங்க," என்றது அந்தக் குரல், ஒரு கோபமும் இல்லாமல்.

"வெளிய போ!"

"வான்னு நீங்கதானே சொன்னீங்க. குடிவச்ச ஆள நெனச்ச நேரம் தள்ள முடியுமா? நோட்டீஸ் எழுதிக் குடுங்க. வாங்கிக்கறேன்."

மறுநாள் செலெமானி கூரை மேல் ஏறி, அங்கிருந்தே கத்தினான். "பெரியவரே, ஒரு ஊசி ஓட்டகூட இல்ல. மழையே பெய்யல, எது ஒழுகும்?"

கீழே, கொண்டோவின் தொப்பியில் ஒரு சொட்டு விழுந்தது.

கட்டிலை அறை அறையாக இழுத்துப் போட்டார். கறையும் அறை அறையாக வந்தது.

படுத்தால் நேர் மேலே கழி முறியும் சத்தம்.

நெஞ்சுக்கு நேராக.

பயம் வந்தால் கருமியின் கை எப்படி நீளுகிறது பாருங்கள்! புதன்கிழமை விடியும்போதே பத்து ஆட்களோடு அந்தப் பழைய வீட்டு வாசலில் நின்றார். ஆறு அறைக்கும் புதுக் கழி, புதுத் தகரம். கதவையும் பழைய இடத்திலேயே மாட்டினார்கள். ரெஹேமாவைப் பார்த்து "அம்மா" என்று வேறு கூப்பிட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை சபையில் அவள் எழுந்து, "கூரைய சரி பண்ணிட்டாரு. என் புகார முடிச்சுக்கலாம்," என்றாள். மூன்று நாளில் முதன்முறையாகக் கொண்டோ மூச்சை முழுசாக விட்டார். தன் வீட்டில் இனிமேல் கறையும் சத்தமும் இருக்காது என்று நம்பினார்.

செயலாளர் தாளைப் புரட்டினார்.

"உக்காருங்க பெரியவரே. உங்க மேல இன்னொன்னு இருக்கு. இது எப்ப வந்துச்சு? நான் வாங்கினதா ஞாபகமே இல்லையே." கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு படித்தார். "முகவரி, நீங்க குடியிருக்கிற வீடு. கூடத்து அறை. கூரை ஒழுகுது, கழி விழப்போகுது, சொல்லியும் கேக்கல. பேரு... தாபு."

கொண்டோ சபைக் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"கையெழுத்து இல்ல. கைநாட்டுதான்."

"எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது," என்றாள் ரெஹேமா, மெல்ல.

செயலாளர் அந்தக் கைநாட்டை விரலால் தொட்டார். நீல மை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

இன்னும் காயவில்லை.