ஒரிதோ கட்டி முடிக்காத ரெகுலேட்டர்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மீட்டரின் முள் இறங்கவில்லை.

முன்னூற்றிருபது வோல்ட். வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற இறக்கமில்லாமல் மின்சாரம் ஊட்டும் ரெகுலேட்டர் அது. பிளக்கை எடுத்தால் உள்ளே தேங்கியது கொஞ்சம் கொஞ்சமாக வடியும், முள்ளும் சாய்ந்து படுக்கும். இது படுக்கவில்லை. மழைக்காலத்துச் சாயங்காலம், ஜன்னல் சட்டத்தில் ஒரே தாளத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம், ஈரம் ஊறிய தத்தாமிப் பாயின் வைக்கோல் வாடை, ஈயம் உருக்கிய புகையின் காரம், இவற்றுக்கு நடுவே கஜிவாரா அந்த முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தார். மீட்டர்தான் மக்கர் பண்ணுகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அந்த ரெகுலேட்டர் பெட்டி அவருடையதல்ல. அதைப் பாதி கட்டிவிட்டு அதன்மேலேயே விழுந்து செத்தவர் ஒரிதோ. இருவரும் வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்டுபவர்களின் ஒரே சங்கம். ஒருவர் கட்டியதை மற்றவர் எல்லார் முன்னாலும் நக்கலடிப்பதே வழக்கம். துக்க வீட்டில் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்த கையோடு கஜிவாரா சங்கத்து ஆட்களிடம் சொன்னார்:

"எடது கையப் பின்னாடி வைய்யான்னா வச்சாத்தானே. ரெண்டு கையையும் உள்ள விட்டா வேற என்ன நடக்கும்?"

இந்த வேலை செய்பவர்களின் சட்டம் அது. வலது கை மட்டும்தான் உள்ளே போகும். இடது கை முதுகுக்குப் பின்னால் இடுப்பு வாரில் செருகியிருக்கும். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்சாரத்துக்கு வழி நெஞ்சுதான்.

பெட்டியை அவர் கேட்டபோது, செத்தவருக்கு நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடியட்டும், பிறகு எடுத்துப் போங்கள் என்று ஒரிதோவின் மனைவி கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

"அதுவரைக்கும் அவரு இங்கதான் இருப்பாரு, கஜிவாரா சான். பாதியில விட்ட வேலையைத் தேடுவாரு."

கஜிவாரா கேட்கவில்லை. அந்த அருமையான டிரான்ஸ்ஃபார்மர் வேறு யார் கைக்காவது போய்விடுமே என்ற வயிற்றெரிச்சல். அன்றே துணியில் சுற்றித் தூக்கி வந்தார். ஒரிதோ பற்றவைத்ததில் பாதியை அசிங்கம் என்று திட்டிக்கொண்டே பிடுங்கிப் போட்டு, தன் இஷ்டத்துக்குக் கட்டி முடித்தார்.

இப்போது முள் ஏறியது. முன்னூற்றைம்பது. நானூறு.

பிளக் தரையில் கிடந்தது.

கஜிவாராவின் மனைவி சிஸுரு வேலை முடிந்து வரும் நேரம். வந்ததும் முதல் வேலையாக இந்த மேஜையைத்தான் ஒதுக்குவாள். மழையில் நனைந்த கையோடு இதைத் தூக்குவாள். அவ்வளவுதான், ஆள் போய்விடுவாள். அதற்குள் இதை வடித்தாக வேண்டும். கஜிவாரா இடது கையைப் பின்னால் செருகிக்கொண்டு, மரப்பிடி போட்ட கம்பியை வலது கையில் எடுத்து ரெகுலேட்டரின் மின்முனையில் வைத்தார்.

டப். நீலப் பொறி. முள் விழுந்தது.

பிறகு எழுந்தது. நானூறு. நானூற்றைம்பது.

பின்னால் இருந்த கையை யாரோ பிடித்தார்கள்.

குளிர்ந்த விரல்கள். நுனியெல்லாம் ஈயம் சுட்டுச் சுட்டுத் தடித்தவை. அவசரமே இல்லாமல் அவர் கையை வாரிலிருந்து உருவின. இன்னொரு குளிர்ந்த கை வலது கையின் மேல் வந்து படிந்தது. மரப்பிடி நழுவிக் கீழே விழுந்தது. வெறும் விரல்கள் முனையை நோக்கி இறங்கின.

பயம். அப்படியொரு பயத்தை அவர் அறிந்ததில்லை. கத்த வேண்டும். நாக்கு எழவில்லை.

வாசல் கதவு சறுக்கித் திறந்தது. குடையை உதறும் சத்தம்.

"வந்துட்டேங்க. சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு போச்சு."

வராதே. தொடாதே. மனசுக்குள் கத்தினார்.

சிஸுரு அறைக்குள் வந்தாள். அவள் கண்ணுக்கு அவர் மட்டும்தான் தெரிந்தார்.

"என்னங்க மொகம் இப்படி வெளுத்திருக்கு? எழுந்திரிக்க முடியலையா?"

வலது கை முனையைத் தொட ஒரு மயிரிழைதான் பாக்கி. குளிர்ந்த விரல்கள் அதை அங்கேயே நிறுத்திப் பிடித்திருந்தன. அவருடைய இடது கை, அவர் நீட்டாமலே, உதவி கேட்பதுபோல அவளை நோக்கி நீண்டது.

"குடுங்க" என்று ஈரக் கையால் அதைப் பற்றினாள் சிஸுரு.

குளிர்ந்த விரல்கள் அவருடைய வலது கையை முனையில் இறக்கின.