சலவை வண்டியில் அப்பா

கடுகின் அப்பாவுக்குச் சண்டை என்றாலே ஆகாது. தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால்கூட, தன் சலவைக்கடைக்குள் போய் இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவார்.

அந்த ஊரை அந்நிய ராணுவம் ஆண்டுகொண்டிருந்தது. “எங்க நாடு எங்களுக்கே” என்று சுவரில் எழுதியதற்காக, ஒருநாள் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

“தம்பி இல்லாம திரும்ப மாட்டேன்” என்று கிளம்பிய அப்பா, விடுதலைப் படையில் சேர்ந்துவிட்டார். அதன்பின் கடையை அம்மாவும் கடுகும்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆள் பொடிசு என்பதால் வந்த பெயர் கடுகு. காரத்துக்குக் குறைவில்லை.

ஒரு காலை, இரவோடு இரவாக வந்து சேர்ந்த அப்பா கடையின் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். காலில் குண்டுக் காயம்.

“ஆத்தங்கரையில படகு காத்திருக்கு. அதுவரைக்கும் போயிட்டா தப்பிச்சிடுவேன்” என்றார்.

“தெருமுனையில காவல் நிக்குதே! வீடு வீடாத் தேடுறாங்களே!” என்று அம்மா கையைப் பிசைந்தாள்.

கடுகு வாசலைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி அழுக்குத் துணியோடு தள்ளுவண்டி நின்றது.

“அப்பா, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் படுப்பீங்களா?”

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. “உன்னால தள்ள முடியுமா?”

“முடியும். நான் மட்டும் போறேன். அம்மா முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவாங்க!”

தெருமுனையில் ஒரு சிப்பாய், துப்பாக்கி முனையிலிருந்து கழற்றிய கத்தியால் மாம்பழம் வெட்டித் தின்றுகொண்டிருந்தான்.

“நில்லு! உள்ளே என்ன?”

“அழுக்குத் துணி அண்ணே. ஆத்துல துவைக்கணும்.”

துணிக்குள் குத்திப் பார்க்க, சிப்பாய் கத்தியை ஓங்கினான்.  கடுகின் குரல் கலங்கவில்லை.

“தாராளமாக் குத்திப் பாருங்க. ஆனா அப்புறம் அந்தக் கத்தியால பழம் வெட்டாதீங்க அண்ணே. இது சொறி வார்டு துணி.”

கத்தி அந்தரத்தில் நின்றது.

“சொறியா?”

“ஆமா. தொட்டா ஒட்டிக்கும். முதல்ல கை அரிக்கும். அப்புறம் கழுத்து.”

சிப்பாய் கழுத்தைச் சொறிந்துகொண்டான். “போ, போ! சீக்கிரம் போ!”

கடுகு தள்ளினாள். சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. முக்கினாள், முனகினாள். வண்டி அசையவில்லை.

“துணியா, இரும்பா?” என்றான் சிப்பாய்.

“ஈரத் துணி அண்ணே. ஒரு கை கொடுங்களேன்!”

“கையா? ஐயையோ!” என்று அலறியவன், பூட்ஸ் காலால் ஓர் உதை விட்டான். வண்டி பள்ளத்தைத் தாண்டி ஓடியது.

ஆற்றங்கரையில் துணிக்குள்ளிருந்து அப்பாவின் தலை எழும்பியது. “உதை நேரா என் முதுகுலதான்!” என்றார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

படகு அக்கரை சேரும்வரை கடுகு பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பாவாடையைச் செருகிக்கொண்டு துவைக்க உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குத் துணி வேண்டுமே!

மழைக்காலம் முடியும் முன்பே போர் முடிந்தது. அந்நிய ராணுவம் மூட்டை கட்டியது. சிறைக் கதவுகள் திறந்தன.

ஒரு பட்டப்பகலில், நடுத்தெருவில் அப்பா நொண்டியபடி வந்தார். அவர் கை சித்தப்பாவின் தோள்மேல் இருந்தது. யாரும் அவர்களை நிறுத்தவில்லை.

கடுகு ஓடிப்போய், கடைக் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்தாள்.