குசுமாவதியின் பல்லும் ஐநூறு அடிப் பாறையும்

வேங்கிக்கால் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு அருணாதேவிதான் சுகாதார மந்திரி. காலையில் மணி அடித்ததும் எல்லோருடைய நகத்தையும் பல்லையும் பார்ப்பாள். பல் தேய்க்காதவர்களின் பெயர் கரும்பலகையின் மூலைக்குப் போய்விடும். ஆதிலட்சுமி டீச்சருக்கே அவள் முன்னால் வாயைத் திறக்கக் கொஞ்சம் பயம்தான்.

மூன்று நாட்களாக அந்த மூலையில் ஒரே பெயர்: குசுமாவதி. கிராமத்திலிருந்து புதிதாகக் குடிவந்த பெண். அவள் பற்களில் பழுப்புக் கோடுகள் இருந்தன.

நான்காம் நாள் அவள் வாயைத் திறந்தபோது ஈறில் ரத்தம் கசிந்தது.

"நாலு வாட்டி தேய்ச்சேன். போவல," என்றாள் குசுமாவதி. "நாளையிலருந்து நான் ஸ்கூலுக்கு வரல."

அருணாதேவிக்குச் சாக்பீஸ் பிடித்த கை எழவில்லை. 'ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!' என்று மனசு அடித்துக்கொண்டது.

இடைவேளையில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குசுமாவதி ஒரு பிடி வறுத்த மல்லாட்டையை நீட்டினாள். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.

"அடேயப்பா, என்னா ருசி!"

"எங்க நிலத்துது. பாறை பொடிஞ்சு பொடிஞ்சுதான் செம்மண்ணு ஆவுது. அதுல மல்லாட்டை நல்லா வெளையும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணிக்குப் போர் போட்டப்போ பார்த்தேனே! மொதல்ல செம்மண்ணு வந்துச்சு. அப்புறம் ஐநூறு அடி வரைக்கும் பாறைத் தூளுதான். எங்க எல்லார் மூஞ்சியும் மாவு பூசின மாதிரி ஆயிடுச்சு."

அருணாதேவி வாய் பிளந்து கேட்டாள். தினமும் அண்ணாமலையை அண்ணாந்து பார்ப்பவள்தான். காலுக்குக் கீழே இவ்வளவு இருப்பது இன்றுதான் தெரிந்தது.

"உங்க ஊர்ல வேற யாருக்காச்சும் பல்லு இப்படி இருக்குதா?"

"எங்க அண்ணனுக்கு, பக்கத்து வீட்டு சக்திவேலுக்கு... நெறைய பேருக்கு."

"ஊரே பல் தேய்க்காமயா இருக்கும்? எல்லாருக்கும் பொதுவா என்ன இருக்குது, சொல்லு."

"கோயிலு, ஆலமரம், போர் தண்ணி."

"ஆலமரம் பல்லை ஒண்ணும் பண்ணாது. தண்ணிதான்!"

இருவரும் டீச்சரிடம் ஓடினார்கள்.

"கரெக்டா கண்டுபிடிச்சுட்டீங்களே!" என்று டீச்சர் அசந்துபோனார். "பாறையில இருக்கற ஃபுளோரைடு தண்ணியில கரையுது. அது ஜாஸ்தியானா, பல்லு உருவாகறப்பவே கறை விழுந்துடும். தேய்ச்சா போவாது."

"அப்ப வீட்டுல இருக்கற என் சின்னத் தம்பிக்கும் இப்படி ஆயிடுமா?" என்று கேட்டாள் குசுமாவதி.

"இங்க உங்க வீட்டுக் குழாயில வர்றது அணைத் தண்ணி. அதுல கம்மிதான். பயப்படாத."

அருணாதேவி நேராகக் கரும்பலகைக்குப் போய்க் குசுமாவதியின் பெயரை அழித்தாள். "தப்பு என்னுது. மன்னிச்சுடு. நாளைக்கு வருவ இல்ல?"

குசுமாவதி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

"வர்றேன். ஆனா மந்திரியம்மா, உங்க பல்லுல மல்லாட்டைத் தோலு ஒட்டிக்கினு இருக்குது!"

சொல்லிவிட்டு, வாயைக் கையால் மறைக்காமல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்று மாலை வரை கரும்பலகையின் மூலையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: அருணாதேவி. அவளே எழுதியது.