மேர்சியின் தோள்நோவு

2004ஆம் ஆண்டு மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு றஜீபன் அலுமாரியைத் திறந்தான். மனைவி மேர்சியின் கலியாணச் சங்கிலி அங்கே இல்லை.

எட்டு மணிக்குள் அவன் நெடுந்தீவு இறங்குதுறையில் வள்ளக்காரர் வின்சன்றின் கன்னத்தில் அறைந்துவிட்டான். வின்சன்ற் அவனைவிட மிக மூத்தவர். திருப்பி அடிக்கவில்லை.

"தம்பி, நான் பையைத்தானே கொண்டுவந்து வைச்சனான்" என்று மட்டும் சொன்னார்.

றஜீபனுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனால் ஊரே பார்த்து நின்றது, ரோசம் விடவில்லை. மதிய வள்ளத்தில் வின்சன்றைப் பொலிசில் ஒப்படைப்பதென்று முடிவாயிற்று.

பொலிசிலிருந்து இளைப்பாறிய சார்ஜன்ற் பஸ்ரியாம்பிள்ளையைப் பங்குத்தந்தை றஜீபன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஒரு பையைத் தூக்கிக் கொடுத்ததற்கு அறை விழுமானால், இனி இந்தத் தீவில் ஆர் ஆருக்கு உதவுவார் என்பது அவருடைய கவலை.

பஸ்ரியாம்பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சங்கிலியைக் கடைசியா எப்ப கண்டனீர்?"

"போன கிழமை, ஐயா. யாழ்ப்பாணத்திலை தமக்கை வீட்டை போகேக்கை மேர்சி போட்டிருந்தவ. நேற்றுப் பின்னேரம் வந்தவ. இண்டைக்குக் காலமை பாத்தா கழுத்து வெறுமை. கேட்டதுக்கு அலுமாரிக்கை இருக்குமெண்டா."

"வீட்டுக்குள்ளை வந்தது ஆர்?"

"வின்சன்ற் மட்டுந்தான். பையை அறைக்குள்ளை கொண்டுவந்து வைச்சவர்."

பை மூலையில் கிடந்தது. பஸ்ரியாம்பிள்ளை அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றிரண்டு சேலைகள்தான்.

"மேர்சி நிறைகுடம் தூக்கிற பிள்ளையெல்லோ?"

குசினிக்குள்ளிருந்து றஜீபனின் தாய் ஞானசவுந்தரியின் குரல் வந்தது. "பிள்ளைதான் தூக்கக் குடுத்துவைக்கேல்லை எண்டு பாத்தா, இப்ப பையும் தூக்க ஏலாதாம்!"

றஜீபன் வழக்கம்போல வாசலுக்கு வெளியே பார்த்தான். ஆறு வருடமாக இந்தப் பேச்சுத்தான். புருஷனும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று டொக்டர் சொன்னபோது, கோபித்துக்கொண்டு எழுந்து வந்தவன் அவன். தாய்க்கு அது தெரியாது.

மேர்சி தேத்தண்ணி கொண்டுவந்தாள். தொளதொளத்த சட்டை, மெல்ல அடிவைத்தாள், ஒரு கை வலது தோளை அழுத்தியிருந்தது.

"தோளிலை என்ன, பிள்ளை?"

"வள்ளத்திலை சரிஞ்சு இருந்தனான், ஐயா. பிடிச்சிட்டுது. எண்ணெய் பூசியும் கேக்கேல்லை. படுத்தா சுகம், எழும்பி இருந்தா உளையுது."

அவர் ஒரு மிடறு குடித்தார். "சீனியையும் ஆரோ களவெடுத்திட்டாங்கள் போலை!"

மேர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகம் சுளித்துத் தொப்புளடியைப் பொத்தினாள்.

பஸ்ரியாம்பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார்.

"சங்கிலி களவு போனதெண்டு நீர் ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை, ஐயா." அவள் தலை குனிந்தது.

"அதைத்தான் ஒருத்தரும் கவனிக்கேல்லை. களவு எண்ட சொல் றஜீபன்ரை வாயிலையிருந்துதான் வந்தது." அவர் அவனைப் பார்த்தார். "போன வருசம் எனக்குக் கொழும்பிலை பித்தப்பை எடுத்தவை. வயித்தைக் கிழிக்கேல்லை. தொப்புளடியிலை சின்னத் துளை போட்டு, வாயுவாலை வயித்தை உப்பவைச்சு, கமராக் குழாயை விட்டுச் செய்தவை. மிஞ்சின வாயு நாலைஞ்சு நாள் தோளைத்தான் குடைஞ்சது. நானும் போத்தல் போத்தலா எண்ணெய் பூசினனான். பாரம் தூக்கக் கூடாது. சிரிச்சா தையல் இழுக்கும். பிள்ளை ஏன் தங்கேல்லை எண்டு பாக்கவும் அதே குழாயைத்தான் விடுறவை."

றஜீபன் மேர்சியின் தோளைப் பார்த்தான்.

"சங்கிலியை எடுத்தது மேர்சி. ஒப்பரேசன் செலவுக்கு யாழ்ப்பாணத்திலை அடைவு வைச்சுக் காசு எடுத்திட்டா. என்ன, பிள்ளை?"

மேர்சி சுவரோடு சாய்ந்து அழுதாள். "ஓம், ஐயா. அக்காதான் கூட நிண்டவ." பிறகு கணவனைப் பார்த்தாள். "வின்சன்ற் அண்ணையை அடிப்பியளெண்டு நான் நினைக்கேல்லை. அடிச்சதைக் கேட்ட பிறகு பயத்திலை வாய் திறக்க ஏலாமல் போச்சு. அந்தப் பாவம் என்ரைதான்."

"டொக்டர் என்ன சொன்னவர்?" றஜீபன் கேட்டான்.

"கருப்பை, கருக்குழாய் எல்லாம் உள்ளுக்கை பாத்தவை. நீல மருந்து விட்டுப் பாத்தவை, தடையில்லாமல் ஓடுதாம். என்னிலை ஒரு குறையும் காணேல்லையாம். இனி உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"தன்ரை சங்கிலியைத் தான் எடுத்தது களவில்லை" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "கட்டினவனுக்கும் ஒளிச்சுப் போய் இவ தனியக் கத்திக்குப் படுக்க வேண்டி வந்ததே, அதுதான் குற்றம். அதைச் செய்தது நீர், றஜீபன்."

அவன் குசினி வாசலுக்குப் போனான். "அம்மா, இனி மேர்சியை ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ. அப்பவே டொக்டர் என்னை வரச்சொன்னவர். போகாமல் விட்டவன் நான்."

பிறகு இறங்குதுறைக்கு நடந்தான். காலையில் கண்டவர்கள் எல்லோரும் அங்கேயே நின்றார்கள். அறைந்த இடத்திலேயே நின்று, அவர்களுக்கும் கேட்கும்படி வின்சன்றிடம் சொன்னான்.

"அண்ணை, நீங்கள் எடுக்கேல்லை. பிழை என்னிலை. மன்னியுங்கோ."

வின்சன்ற் கன்னத்தைத் தடவினார். "பல்லு ரண்டு ஆடுது. மேர்சிக்கு என்ன செய்யுது? நேற்றே முகம் வெளிறியிருந்தது. அதுதான் பையை வாங்கினனான்."

அந்த அறை தன்மேல் விழுந்திருக்கலாம் என்று றஜீபனுக்கு இருந்தது. "சுகமாயிடும், அண்ணை. சோதிச்சுப் பாக்க வேண்டியது என்னைத்தான். நாளைக்கு யாழ்ப்பாணம் போகவேணும், டொக்டரிட்டை."

கூட்டத்தில் ஒருவன் செருமினான். வின்சன்ற் அவனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவன் அடங்கிவிட்டான்.

"வெள்ளன வாரும், தம்பி" என்றார் அவர். "முன்னுக்கு இராதையும், அலைத் தண்ணி அடிக்கும். பின்னுக்கு, என்னோடை வந்து இரும்."