ஈரமான சைக்கிள்

காலை 6.40. குற்றாலத்தில் விடாத சாரல். பீரோ மேலிருந்த எம்.ஆர்.ஐ. படத்தைக் காணவில்லை.

"பத்து மணிக்குத் தென்காசியில ஆப்பரேஷன். படம் இல்லாம டாக்டர் கத்தியத் தொட மாட்டாருக்கா." துபாயிலிருந்து லீவில் வந்திருந்த சண்முகநாதன் வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைந்தான். அவன் கூப்பிட்டு வந்திருந்த பக்கத்து வீட்டுப் போலீஸ் ஏட்டு நஸீபாவுக்கு ஏழரைக்கு டூட்டி. அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

கட்டிலில் அவனுடைய அப்பா பலவேசம், தலையணைமேல் கவிழ்ந்து குனிந்திருந்தார். அருவிக்கரையில் குளிக்க வருபவர்களுக்கு முப்பது வருஷமாக எண்ணெய் தேய்த்துவிடுபவர். முதுகில் நரம்பு போகும் பாதை சுருங்கிவிட்டது. நிமிர்ந்து பத்தடி வைத்தால் கால் மரத்துப்போகும்.

"இப்பிடிக் குனிஞ்சாத்தாம்மா சொகமா இருக்கு" என்றார்.

"படத்தைக் கடைசியா யார் பாத்தா?" என்று கேட்டாள் நஸீபா.

"நான்தான், அஞ்சரைக்கு. ஆத்துல குளிச்சிட்டு ஆறேகாலுக்கு வந்தா இல்ல. அம்மா வேலைதான். பச்சிலைக் கட்டே போதும்னு ஒத்தக்கால்ல நிக்கா."

அம்மா குருவம்மாளுக்குச் சுள்ளென்று வந்தது. "ஏலே, நான் அடுக்களையத் தாண்டலலே! வீட்டையே கவுத்துப் போட்டியே, கெடைச்சுதா?"

வீட்டில் இல்லையென்றால் வெளியே போயிருக்கிறது. நஸீபா வராந்தாவுக்கு வந்தாள். கூரைக்கடியில் நின்ற பழைய சைக்கிளின் டயரில் ஈரமண்.

"இதை யார் ஓட்டுவா?"

"அப்பா மட்டுந்தான். மூணு மாசமாச் சும்மா நிக்கு."

காலை 7.05. ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டிய நஸீபா ஒரு வரியில் நின்றாள். பிறகு கட்டிலோரம் வந்தாள்.

"அண்ணாச்சி, படத்தை எங்கன வச்சிருக்கீங்க?"

"நடக்கவே முடியாதவரக்கா!" என்று கத்தினான் மகன்.

"நிமிந்து நடக்கத்தான் முடியாது. குனிஞ்சா வலி விட்டுருதே. ஹேண்டில்பாரைப் பிடிச்சுக் குனிஞ்சு மிதிச்சா எவ்வளவு தூரமும் போகலாம்."

பலவேசத்தின் கண் கலங்கியது. "முதுகுல கம்பி வச்சு ஸ்குரு முடுக்குவாங்களாம். பெறவு எப்பிடிம்மா குனிஞ்சு தேய்ப்பேன்?"

நஸீபா ஃபைலை நீட்டினாள். தொழில்: இல்லை. எழுத்து சண்முகநாதனுடையது. அவள் டாக்டருக்குப் போன் போட்டு, பலவேசத்தின் தொழிலைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"எலும்பு லேசாத்தான் நழுவியிருக்கு. ஓய்வில இருக்கிறவர்னு நினைச்சுக் கம்பி சொன்னேன். அடைப்பை மட்டும் எடுத்து நரம்புக்கு வழி விடலாம். ஆனா பின்னால இன்னும் நழுவினா மறுபடி ஆப்பரேஷன் வரும். அவர்தான் முடிவு சொல்லணும்."

"கம்பி வேண்டாம். வந்தா அப்பப் பாப்போம்" என்றார் பலவேசம்.

சண்முகநாதன் தலை குனிந்தான். "வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சுப்பா."

அவன் வெட்கப்பட்ட அந்த எண்ணெய்க் காசில்தான் அவன் படித்ததும் துபாய்க்குப் போனதும். நஸீபாவுக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

பலவேசம் பேனா கேட்டார். 'இல்லை'யை அடித்துவிட்டு, 'எண்ணெய் தேய்ப்பு' என்று நிதானமாக எழுதினார்.

"ஏலே, பைக்க எடு. படம் அருவிக்கரையில, என் எண்ணெய்ப் பொட்டிக்குள்ள இருக்கு."